வானவடிக்குப் போன பெட்டி

இந்திய ரயில்வேயின் கட்டணச் சலுகைப் பட்டியலில் யார் கண்ணிலும் எளிதில் படாத ஒரு வரி உண்டு. கழிவு வெளியேற வயிற்றில் திறப்பு வைக்கும் ஆஸ்டமி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மாத சீசன் டிக்கெட்டையும் மூன்று மாத சீசன் டிக்கெட்டையும் பாதி விலைக்கு வாங்கலாம். துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை. எதற்காகப் போகிறீர்கள் என்ற கேள்வி கிடையாது. ஆனால் சீசன் டிக்கெட்டோடு சலுகை முடிந்துவிடும். சென்னையிலிருந்து புனேக்கு ஒரு ராத்திரிப் பயணம் என்றால் முழுக் கட்டணம்தான். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லையே என்றால், அது சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும்போது மட்டும். நோய் குணமாகி, வயிற்றில் பையோடு மகள் வீட்டுக்குப் போகிறவர் ரயில்வே கணக்கில் எல்லாரையும் போல ஒரு பயணி.

இந்தக் கட்டுரையின் பயணியும் அப்படித்தான் டிக்கெட் எடுத்தார். அறுபதைத் தாண்டியவர், மலக்குடல் புற்றுநோயிலிருந்து மீண்டவர். மலக்குடலை ஆசனவாயோடு அகற்றிவிட்டு, பெருங்குடலின் முனையை அடிவயிற்றின் இடப்பக்கம் திறந்துவிட்டிருக்கிறார்கள். இனி வாழ்நாள் முழுக்க மலம் அந்த வழியாகத்தான். அதன்மேல் ஒரு தகடு, தகட்டில் ஒரு பை. மகள் குடும்பம் புனேயின் வானவடியில் இருக்கிறது. பேத்தியைப் பார்ப்பது பயணத்துக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், கயிறு போட்டுக் கட்டி இருக்கைக்கு அடியில் தள்ளிவைத்திருந்த அட்டைப்பெட்டி. அதில் முறுக்கும் அதிரசமும் இருப்பதாக எதிர் இருக்கைக்காரர் நினைத்திருக்கலாம். உள்ளே இருந்தவை நண்பர்களிடமும் உறவினர்களிடமும் பணம் திரட்டி வாங்கிய ஆஸ்டமி பைகளும் தகடுகளும்.

தனக்கு வேண்டியவற்றை அவர் பெட்டியில் வைப்பதில்லை. தோளில் மாட்டிய சின்னப் பையை விட்டு அவை அகலவே கூடாது. அளவு பார்த்து முன்கூட்டியே வெட்டிய இரண்டு தகடுகள், சில பைகள், ஒரு உபரி கிளிப், கழிவைச் சுற்றப் பழைய செய்தித்தாள், டிஷ்யூ, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். சாமான்கள் எங்கே தவறிப்போனாலும் சமாளிக்கலாம். இது தவறினால் அடுத்த ஸ்டேஷனில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. மேல் பெர்த்தையும் அவர் வாங்குவதில்லை. ஏணியில் ஏறும்போது பெர்த்தின் விளிம்பு வயிற்றில் உரசினால் தகடு கிளம்பிவிடும்.

ரேணிகுண்டா தாண்டியதும் கேட்டரிங் பையன்கள் முட்டை பிரியாணி என்று கூவிக்கொண்டு வந்தார்கள். மனைவி கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைப் பிரித்தார். முட்டை, வெங்காயம், பூண்டு எல்லாம் பையில் வாடையையும் வாயுவையும் கூட்டும்; தயிரும் மோரும் தணிக்கும். வாயு சேர்ந்தால் பை உப்பிச் சட்டைக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். சத்தம் வேறு. ஆசனவாயில் இருப்பது போன்ற இறுக்கும் தசை வயிற்றுத் திறப்பில் இல்லாததால், வாயு தன் இஷ்டத்துக்கு வெளியேறும். விளக்கணைத்த ஏசி பெட்டியில் அந்தச் சத்தம் எழும்பியபோது மேல் பெர்த் இளைஞன் எட்டிப் பார்த்தான். மனைவி சளைக்காமல், "ஏங்க, செல்ல சைலன்ட்ல போடக்கூடாதா?" என்றார்.

பையைக் காலி செய்ய அவர் குண்டக்கல்லுக்காகக் காத்திருந்தார். வண்டி நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தாதீர்கள் என்று பலகை மாட்டியிருந்த காலம் போய், எல்லாப் பெட்டிகளிலும் பயோ டாய்லெட் வந்துவிட்டதில் அவரைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஓடும் வண்டியின் ஆட்டத்தில் இந்த வேலையைச் செய்வது கஷ்டம். மேற்கத்திய கோப்பையில் முதலில் கொஞ்சம் டிஷ்யூவைப் போட வேண்டும், தண்ணீர் தெறிக்காது. கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பையின் வால்முனையைக் கீழே பிரித்து, மேலிருந்து விரலால் வழித்துவிட வேண்டும். வாலின் உட்பக்கத்தை நன்றாகத் துடைப்பதுதான் முக்கியம். அங்கே ஒட்டியிருப்பது கொஞ்சமே ஆனாலும் அடுத்த நாள் முழுக்க வாடை அடிக்கும். துடைத்து, மடித்து, கிளிப் போட்டு, கை கழுவிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது வண்டி இன்னும் பிளாட்பாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

விடியும்போது வண்டி தக்காணத்தின் வறண்ட மேட்டு நிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்டமி வரலாற்றில் இந்தியாவின் வறண்ட காடுகளுக்கு ஒரு பங்கு உண்டு. 1908-இல் லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ், மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து அகற்றும் முறையை விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு மலக்குடல் புற்றுநோயிலிருந்து பலர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் வயிற்றுத் திறப்பைத் துணியாலும் ரப்பர் பையாலும் உலோகக் கிண்ணத்தாலும் மூடிக்கொண்டு, புண்ணாகிப்போன தோலோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். 1950-களில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற மருத்துவர், கராயா பிசின் ஈரத்தை உறிஞ்சித் தோலைக் காப்பதைக் கண்டறிந்தார். நம் நாட்டு வறண்ட காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின் அது. இன்றைய தகடுகளில் செயற்கைப் பசைகள் வந்துவிட்டாலும், தோலுக்கும் மலத்துக்கும் நடுவே முதலில் நின்று காத்தது அந்தப் பிசின்தான்.

பை வந்தது இன்னொரு வழியில். டென்மார்க்கில் எலிசெ சோரென்சன் என்ற நர்ஸின் சகோதரி தோராவுக்கு இந்த அறுவை நடந்தது. பொது இடத்தில் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தோரா வெளியே போவதையே விட்டுவிட்டார். ஒட்டிக்கொள்ளும் வளையமும், பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய பிளாஸ்டிக் பையும் கொண்ட ஓர் அமைப்பை 1954-இல் எலிசெ யோசித்தார். பிளாஸ்டிக் தொழில் செய்த ஆகே லூயி ஹான்சனிடம் கேட்டபோது அவர் முதலில் ஆர்வம் காட்டவில்லை. அவருடைய மனைவியும் ஒரு நர்ஸ். அவர் சொன்ன பிறகுதான் பை தயாரானது. 1957-இல் கோலோபிளாஸ்ட் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

டர்ன்புல்லிடமும் ஒரு பெண்மணி இருந்தார். பெயர் நார்மா கில். அவரிடம் சிகிச்சை பெற்று, தானே வயிற்றில் பை அணிந்தவர். 1958-இல் டர்ன்புல் அவரை வேலைக்கு அமர்த்தி, மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1961-இல் அது ஒரு பயிற்சிப் பள்ளியானது. இன்று உலகமெங்கும் ஸ்டோமாவை, அதாவது வயிற்றுத் திறப்பை, பராமரிக்கும் ஸ்டோமா நர்ஸ் என்று ஒரு துறையே இருக்கிறது என்றால், அதன் முதல் ஆசிரியை ஒரு நோயாளி. நம் பயணி வானவடிக்குப் போனது அதே வேலையின் சின்ன வடிவத்துக்காகத்தான்.

சோலாப்பூரைக் கடந்து, உஜனி அணையின் நீர்ப்பரப்பு விரியும் பீக்வனைக் கடந்து, தௌண்டைக் கடந்து, வண்டி புனே வந்து சேர்ந்தபோது உச்சிவெயில் சாய ஆரம்பித்திருந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ கன்டோன்மென்ட் வழியாகப் போய், புல்கேட் பஸ் நிலையத்தைத் தாண்டிச் சோலாப்பூர் சாலையில் திரும்பியது. இடையே குதிரைப் பந்தய மைதானம். அதன்பிறகு வானவடி தொடங்குகிறது. பாதி ராணுவம், பாதி அடுக்குமாடிக் குடியிருப்பு. 1948 மே 1 அன்று தொடங்கிய ராணுவ மருத்துவக் கல்லூரி, தெற்குக் கட்டளைப் பிரிவின் மருத்துவமனை, அங்கே பணியாற்றி ஓய்வுபெற்று இங்கேயே வீடு வாங்கிக்கொண்ட குடும்பங்கள். அந்தக் குடும்பங்களில் தமிழும் கேட்கும். கன்டோன்மென்ட் ஏற்பட்ட காலத்திலிருந்தே புனேக்கும் சென்னை மாகாணத்து ஆட்களுக்கும் தொடர்பு உண்டு.

வானவடியின் இன்னொரு முக்கியமான முகவரி செயற்கை அவயவ மையம். இரண்டாம் உலகப்போரில் கை கால் இழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1944-இல் ஏற்படுத்தியது. போர் முடிந்தும் வேலை முடியவில்லை. கண்ணிவெடியில் காலை இழந்த வீரர்கள் இன்றும் இங்கே வருகிறார்கள், பொதுமக்களும் வருகிறார்கள். மதில் ஓரம் ஆட்டோ மெதுவாகப் போனபோது பயணி அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

காலை இழந்தவருக்கும் குடலை இழந்தவருக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆஸ்டமி அதில் இல்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு அறுவைக்கும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவுக்கும் பொறுப்பேற்கும். பதினாறாம் நாளும் பை வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வராது. கால் இழப்பையும் குடல் இழப்பையும் அரசு ஒரே தட்டில் வைத்த சமயமும் உண்டு. 2022 ஜூனில் சண்டிகரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், செயற்கை உறுப்புகளுக்கும் ஆஸ்டமி சாதனங்களுக்கும் வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக ஒருசேரக் குறைத்தது. ஜூலை 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பை அணிந்தவர்கள் அன்றைய செய்தித்தாளில் அந்த வரியை வட்டமிட்டு வைத்திருப்பார்கள். மற்றவர்கள் தயிர் பாக்கெட்டுக்கு வரி வந்ததைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பெட்டியோடு அவர் போன வீடு மகள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். வீட்டுக்காரர் வட ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். அறுவை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தபடி, "ரத்தம் போனப்போ மூலம்னு நெனச்சு ஒரு வருஷம் களிம்பு தடவிக்கிட்டே இருந்துட்டேன் சார்" என்றார். மலக்குடல் புற்றுநோய் பல பேருக்கு அப்படித்தான் நாளைக் கடத்துகிறது. மூலம் என்று, சீதபேதி என்று.

ஹவில்தாரின் இப்போதைய தொல்லை வேறாக இருந்தது. தகடு ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை. சுற்றியுள்ள தோல் வெந்துபோயிருந்தது. வெளியே போய்ப் பல வாரமாகிவிட்டது. தகடு தீர்ந்துபோனால் துணியை வேகவைத்துக் காயவைத்துக் கட்டுவதாக அவர் மனைவி சொன்னார். "ராத்திரியில தூக்கமே இல்லண்ணே. எந்நேரமும் கசிஞ்சிடுமோன்னு கைய வயித்து மேலயே வெச்சிக்கிட்டுப் படுத்திருக்காரு."

பயணி பழைய தகட்டை மேலிருந்து மெல்ல உரித்தார். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் உரிக்க வேண்டும். பிளாஸ்திரி பிய்ப்பது போல வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். உள்ளே ஸ்டோமா உதட்டின் உட்புறம் போலச் சிவந்து, ஈரமாக, கொஞ்சம் மேலெழும்பி இருந்தது. தொட்டால் வலிக்காது, அதில் வலி நரம்பு கிடையாது. சிவப்பாக இருக்கும்வரை கவலையில்லை. கறுத்தால்தான் மருத்துவரிடம் ஓட வேண்டும். தோல் வெந்ததற்கான காரணம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அறுவை முடிந்த முதல் ஆறெட்டு வாரங்களில் ஸ்டோமாவின் வீக்கம் வற்றிச் சுருங்கும். இவர்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய அளவிலேயே ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் விழுந்த இடைவெளியில் மலம் தேங்கித் தோலைத் தின்றுகொண்டிருந்தது.

"ஓட்டைய பெருசா வெட்டுறீங்க. அவ்வளவுதான் விஷயம்."

"டாக்டர் குடுத்த அளவு சார் அது."

"அது அன்னிக்கு அளவு. இப்ப நாமளே அளந்துக்கணும்."

பெட்டியிலிருந்து வட்டத் துளைகள் போட்ட அளவு அட்டையை எடுத்தார். ஸ்டோமாவைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு எந்த வட்டம் உட்காருகிறதோ அதுதான் அளவு. தோலை வெறும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒத்தி ஒத்தித் துடைத்து, காற்றில் காயவிட்டார்கள். எண்ணெய்ப்பசையுள்ள சோப்பு போட்டால் பசை ஒட்டாது. வெந்துபோன இடத்தில் ஸ்டோமா பவுடரைத் தூவி, அதிகப்படியை ஊதிவிட்டார்கள். புதுத் தகட்டை ஹவில்தார் கையிடுக்கில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். உடம்புச் சூட்டில் பசை இளகும். பிறகு கீழ்ப்பக்கத்திலிருந்து மேலாக ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த சில நிமிடங்கள் மூவரும் அசையாமல் இருந்தார்கள். வெளியே குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

அந்தத் தகடு நான்கு நாள் நின்றது.

நான்கு நாளுக்கு ஒரு தகடு என்றால் ஆண்டுக்கு 90-க்கு மேல். இருபது வருடம் வாழ்ந்தால் 1,800-க்கு மேல். ஒவ்வொன்றும் பையோடு சேர்த்து நூறுகளில் விலை. இதுதான் பயணியின் நன்கொடைக் கணக்கில் வரும் முதல் சிக்கல். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றால் ஒரு தொகை இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது, ஐசியூ படம் இருக்கிறது. செல்போனில் செய்தி வந்ததும் ஜனங்கள் மனமிரங்கி அனுப்புகிறார்கள். பைக்குத் தேதியும் கிடையாது, முடிவும் கிடையாது, படம் எடுத்துப் போடவும் முடியாது. வானவடியில் மகளின் குடியிருப்பில் மாலை நேரத்தில் பெஞ்சில் கூடும் பெரியவர்களிடம் அவர் பேசிப் பார்த்தார். கேட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் கேட்ட கேள்வி எல்லா ஊரிலும் கேட்பதுதான்: "கேன்சர் போயாச்சு, நல்லா இருக்காங்க. அப்புறம் எதுக்குப் பணம்?"

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சொந்தக்காரக் கேள்வி உண்டு. 1923-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். சீதபேதி என்று நினைத்து மருத்துவம் பார்த்ததில் நாள் கடந்துவிட்டது. அந்தச் சாவு அக்காவை விடவேயில்லை. 1925-இல் லண்டன் போனபோது அங்கே புற்றுநோய் மருத்துவமனையில் பயின்றார். சென்னையில் அப்படி ஒன்று வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று அமைச்சர் ஒருவர் கேட்டதை, முத்துலட்சுமி தொடங்கிய மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சாந்தா பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டி, 1952 அக்டோபரில் நேருவை அழைத்து அடிக்கல் நாட்ட வைத்து, 1954 ஜூன் 18 அன்று அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனையைத் திறந்தார் முத்துலட்சுமி. தமிழ்நாட்டில் புற்றுநோய்க்காகக் கையேந்திய வரலாறு ஒரு மலக்குடலில் தொடங்குகிறது. அன்று சாகப்போகிறவர்களுக்கு எதற்கு என்றார்கள். இன்று பிழைத்துவிட்டவர்களுக்கு எதற்கு என்கிறார்கள்.

புற்றுநோய்க்கு நிதி திரட்டியவர்களில் உலகமே அறிந்தவர் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்தவர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1-ஆம் தேதி தண்டர் பே அருகே ஓட்டம் நின்றது. அதற்குள் 5,373 கிலோமீட்டர் கடந்திருந்தார். தலைக்கு ஒரு டாலர் வேண்டும் என்று கேட்டிருந்தார். 1981 பிப்ரவரிக்குள் நாட்டின் மக்கள்தொகைக்கு ஈடாக 2.4 கோடி டாலர் சேர்ந்தது. அவர் பெயரிலான ஓட்டம் சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது. அந்த விந்திய நடையை டிவியில் கண்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வயிற்றில் பையோடு ஒருவர் அதே தூரம் ஓடினால் என்ன நடந்தது என்றே வெளியே தெரியாது. சட்டையைத் தூக்கிக் காட்டினால் ஒழிய.

ஆஸ்டமி உள்ளவர்களுக்காக இந்தியாவில் நெடுங்காலமாக இயங்கிவருவது மும்பையில் 1975-இல் தொடங்கிய இந்திய ஆஸ்டமி சங்கம். உலக அளவிலான சங்கமும் அதே ஆண்டில்தான் உருவானது. 1993 அக்டோபர் 2 அன்று முதல் உலக ஆஸ்டமி தினத்தைக் கொண்டாடினார்கள். அமெரிக்காவில் ஆஸ்டமி சங்கங்கள் ஆண்டுதோறும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்திப் பணம் சேர்க்கின்றன. இன்னொரு அமைப்பு, வீடுகளில் மிஞ்சிப்போன பைகளை வாங்கி ஏழை நாடுகளுக்கு அனுப்புகிறது.

மிஞ்சிய பைகளை வாங்கும் வேலையைப் பயணியும் செய்துபார்த்தார். தற்காலிக ஆஸ்டமியைத் திரும்ப மூடிக்கொண்டவர்களும், வீட்டில் ஒருவரை இழந்தவர்களும் பீரோவில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல மனது. ஆனால் 57 மி.மீ. தகட்டில் 45 மி.மீ. பை உட்காராது, ஒரு கம்பெனி தகட்டில் இன்னொரு கம்பெனி பை பெரும்பாலும் பொருந்தாது. வெயிலில் கிடந்த தகட்டின் பசை இறுகிப்போயிருக்கும். காலாவதித் தேதி வேறு. அதனால் இப்போது அவர் பணமாகவே கேட்கிறார். அதுவும் ஆளுக்கொரு பெரிய தொகை வேண்டாம். ஒருவர் ஒரு மாதத்துக்கு ஒருவரின் பையை ஏற்றுக்கொண்டால் போதும். அடுத்த மாதம் வேறொருவர். சீட்டுக் கட்டிப் பழகிய நம் ஆட்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரிகிறது. பில்லைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார்.

தகடு நின்றுவிட்ட தெம்பில் ஹவில்தார் வெளியே வரச் சம்மதித்தார். எங்கே போகலாம் என்றதற்கு, "சத்ரிக்குப் போவோம் சார், பக்கம்தான்" என்றார். மனைவி மாற்றுப் பையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கூடவே கிளம்பினார்.

ஷிண்டே சத்ரி வானவடியின் பழைய அடையாளம். மராட்டியத் தளபதி மகாத்ஜி ஷிண்டே 1794 பிப்ரவரியில் இதே வானவடியில்தான் காலமானார். அவர் எழுப்பிய சிவன் கோயிலும், அவருடைய சமாதியும், பிற்காலத்தில் சிந்தியா குடும்பம் கட்டிய கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கூடத்தின் சுவரில் வரிசையாகச் சிந்தியாக்களின் படங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். தூறல் பிடித்திருந்தது. வாசலில் ஹவில்தார் குடையை மடக்கச் சொன்னார். உள்ளே குடை பிடிப்பது மகாத்ஜிக்கு மரியாதைக் குறைவு என்பது இங்கே வழக்கம். நனைந்துகொண்டே முற்றத்தைக் கடந்தார்கள்.

மகாத்ஜியின் கதையை ஹவில்தார்தான் சொன்னார். 1761 ஜனவரி 14, மூன்றாம் பானிபட் போர். தோற்றோடிய மராட்டியப் படையில் இளம் மகாத்ஜியை ஓர் ஆப்கானியன் துரத்திக் காலில் வெட்டினான். குற்றுயிராகக் கிடந்தவரைத் தண்ணீர் சுமக்கும் ராணே கான் என்பவர் தன் மாட்டின்மேல் ஏற்றிக் காப்பாற்றினார். அவரை மகாத்ஜி கடைசிவரை சகோதரர் என்றே அழைத்தார். கால் மட்டும் சரியாகவில்லை. விந்தி நடந்தபடியே அடுத்த 33 வருடம் வாழ்ந்து, டெல்லி வரை மராட்டியர் கொடியை மறுபடி ஏற்றினார். "அந்தக் கால வெச்சுக்கிட்டுதான் சார் எல்லாம் பண்ணாரு" என்ற ஹவில்தார் சட்டைக்கு மேலாகப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கசியவில்லை.

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் வடா பாவ் கேட்டார். பூண்டுச் சட்னி வேண்டாம் என்று பயணி தடுத்தார். "ஒரு நாளைக்குத்தானே" என்று மனைவி சிபாரிசு செய்தார். அரைச் சட்னியோடு சமாதானமானது.

அங்கேதான் ஹவில்தார் அந்த யோசனையைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முன்னாள் படைவீரர்களின் கூட்டம் இருக்கிறது. ஓய்வூதியம், கான்டீன் கார்டு என்று ஏதாவது பேசிவிட்டுக் கலைவார்கள். அதில் தானே எழுந்து பேசப்போவதாகச் சொன்னார். யார் யாருக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது என்று கேட்டால் எப்படியும் இரண்டு பேர் ஒளிந்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. மாதம் ஒருவர் என்று பெயர் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வேண்டும்.

"என்னன்னு ஆரம்பிப்பீங்க?" என்று பயணி கேட்டார்.

ஹவில்தார் பெட்டியின் அடியில் கிடந்த காலாவதியான தகடு ஒன்றையும், அதற்குப் பொருந்தும் பையையும் தனக்குத் தரச் சொன்னார். "மொதல்ல அத ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்துடுவேன் சார். எல்லாரும் தொட்டுப் பாக்கட்டும். அப்புறம்தான் பேச்சு."

"டீ குடுக்கறதுக்கு முன்னாடியே பேசிடுங்க" என்றார் மனைவி. "டீய குடிச்சதும் பாதிப் பேரு கெளம்பிடுவாங்க."